முன்பக்கம் திறந்த சப்பாத்து

எனக்குக் குதிரை ஓட்டத் தெரியும் என்று சொன்னால் இன்னும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நாற்பத்தைந்து வயதாகிறது, ஓ.எல். வரைதான் படித்தேன், கல்யாணம் கட்டவில்லை, நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூசுவேன். இதெல்லாம் உண்மை. குதிரைமேல் உட்கார்ந்து இரண்டரை அடி உயரக் கம்பைத் தாண்டுவதும் உண்மை. இதெல்லாம் ஒரே ஆளிடம் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. பதில் சொல்ல வராது என்பதும் ஒரு காரணம்.

நான் வேலை செய்யும் குதிரை லாயம் குண்டசாலையைத் தாண்டி, தெல்தெனியப் பக்கமாக, நீர்த்தேக்கத்தைப் பார்த்த ஒரு சரிவில் இருக்கிறது. குண்டசாலையில் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். அண்ணனின் மனைவிக்கும் அதே லாயத்தில் வேலை. அண்ணி கொட்டில் கழுவுவார், குதிரைகளை மேய்ச்சலுக்கு அவிழ்த்து விடுவார், வாய் ஓயாமல் பேசுவார். நான் புல் வெட்டச் சேர்ந்தவள். சனி ஞாயிறுகளில் கண்டி டவுனிலிருந்து பிள்ளைகள் காரில் வந்து ஓட்டப் பழகுவார்கள். மற்ற நாட்களில் குதிரைகள் சும்மா நிற்கும். சும்மா நிற்கும் குதிரை கெட்டுப்போகும். ஆள் ஒல்லியாக இருக்கிறாளே என்று பயிற்சியாளர் ஒருநாள் என்னைத் தூக்கி ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து இறங்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

பயிற்சியாளரை நாங்கள் சேர் என்போம். லாயத்தின் சொந்தக்காரியை நோனா என்போம். இரண்டு பேரும் பேசுவது சிங்களம், நாங்கள் பதில் சொல்வதும் சிங்களத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். நோனாவிடம் பேச வேண்டி வந்தால் நான் ஏதாவது ஒரு குதிரையின் கழுத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொள்வேன். அவருக்கு என் நெற்றி மட்டும் தெரியும். அது பழகிப்போய், அவரும் குதிரையைப் பார்த்தே பேசுவார்.

நான் ஓட்டுவது ஒரு செவலைக் குதிரை. பெண். நுவரெலியாவில் பந்தயம் ஓடி, வேகம் போதாது என்று விற்கப்பட்டு வந்தவள். சின்ன உடம்பு, மெல்லிய கால். தாண்டுவதில் ஆசை உண்டு, ஆனால் இரண்டு குறை. ஒன்று, முன்கால்களைச் சோம்பலாகத் தூக்குவாள், கம்பு உரசும். மற்றது அதைவிட மோசம். தாண்டி இறங்கும்போது பின்கால்களை அளவுக்கு மீறி முன்னுக்குக் கொண்டுவருவாள். பின்காலின் லாடம் முன்காலின் பின்பக்கத்தில் போய் இடிக்கும். அந்த இடத்தில் எலும்பை ஒட்டி ஒரு தசைநார் ஓடுகிறது. குதிரையின் பாரம் முழுவதையும் இறங்கும் நேரத்தில் தாங்குவது அதுதான்.

ஆகஸ்டில் ஒருநாள் அப்படி இடித்துக்கொண்டாள். இடது முன்கால் மரவள்ளிக் கிழங்குபோல வீங்கியது. மிருக வைத்தியர் வந்து விரலால் தடவித் தடவிப் பார்த்தார். நார் அறுந்துவிடவில்லை, ஆறிவிடும் என்றார். எழுந்து கை கழுவும்போது இன்னொன்றும் சொன்னார். இதே இடத்தில் மறுபடி அடிபட்டால் இவள் தாண்டுவதை மறந்துவிடுங்கள்.

நோனா அதிகம் பேசுபவர் அல்ல. அன்று அங்கேயே நின்று யோசித்துச் சொன்னார்.

"டிசம்பரில நம்ம மைதானத்தில போட்டி இருக்கு. அதில ஓட்டிப் பார்ப்போம். நல்ல காலோடு வந்தாளென்றா இருக்கட்டும். இல்லையென்றா நுவரெலியாவுக்குக் கொடுக்கிறதுதான். ஓடவும் மாட்டாள், தாண்டவும் மாட்டாள் என்றால் நான் எத்தனை வருஷம் தீனி போடுறது?"

நுவரெலியாவுக்கு என்றால் என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாவிக்கரையில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு, பனியிலும் மழையிலும் ஒரே வட்டத்தில் நடப்பது. நடக்க முடிந்தால் போதும் அங்கே. நோனாவைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய குதிரை, அவருடைய தீனி. ஆனால் செவலை போவதில்லை என்று நான் அன்றே முடிவு செய்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

வீக்கம் வற்றி, அவள் மறுபடி மெல்ல ஓடத் தொடங்கிய செப்டம்பரில், சேர் ஒரு சாக்கை லாயத்தின் முன்னால் கொட்டினார். குதிரைக் காலில் கட்டும் காப்புகள். பூட்ஸ் என்பார் சேர். எங்கள் பக்கம் காலில் போடும் எதுவும் சப்பாத்துதான், அதனால் நானும் அண்ணியும் சப்பாத்து என்றே சொல்வோம். லாடம் வேறு, அது குளம்பில் அடிப்பது. இது முழங்காலுக்குக் கீழே, கால் ஒடுங்கும் இடத்தில் சுற்றிக் கட்டுவது.

"நீதானே ஏறுறே," என்றார் சேர். "எது வேணுமென்று நீயே பார்த்து எடு. ஏன் என்று மட்டும் எனக்குச் சொல்லு."

அதுவரைக்கும் என்னை யாரும் எதையும் தேர்ந்தெடுக்கச் சொன்னதில்லை. தீபாவளிச் சேலையைக்கூட அண்ணிதான் எடுப்பார்.

செவலையின் அளவுக்குச் சரியாக மூன்று சோடிதான் இருந்தன. முதலாவது வெள்ளை. நோனாவின் மகள் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. உள்ளே ஆட்டுரோமம், காலைச் சுற்றி முழுவதும் மூடும், பார்த்தால் கல்யாணப் பெண்ணுக்குப் போடலாம் போலிருக்கும். இரண்டாவது மெல்லிய ரப்பர் போன்ற துணி, அதுவும் முழுக்கச் சுற்றுவது. மூன்றாவது கறுப்பு, பழையது. பின்பக்கம் மட்டும் கெட்டியான ஓடு. முன்பக்கம் திறந்தபடி இருக்கும், இரண்டு வார்கள் மட்டும் குறுக்கே ஓடும். அதிலும் ஒரு வார் தையல் விட்டுத் தொங்கியது.

மூன்றையும் நான் மாறிமாறிக் கட்டி ஓட்டிப் பார்த்தேன். வேறு வழி எனக்குத் தெரியாது.

ரப்பர்த் துணி காலில் நன்றாக ஒட்டியது. ஆனால் கட்டியபின் பின்பக்கத்தில் என் பெருவிரலால் அழுத்தினால் அழுத்தம் நேரே காலுக்குப் போனது. விரலே போகிறது என்றால் லாடம் போகாதா? அதை எடுத்து வைத்துவிட்டேன்.

வெள்ளை கெட்டியாகத்தான் இருந்தது. ஓட்டி முடித்து அவிழ்த்தபோது உள்ளே சோற்றுப்பானை மூடியைத் திறந்ததுபோல ஆவி வந்தது. ஈரப்புல்லில் நடந்தால் ரோமம் தண்ணீரைக் குடித்துக் கனத்தது. அதைக்கூடப் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது வேறு. வெள்ளையைக் கட்டிக்கொண்டு கம்பில் இடித்தால் செவலைக்கு ஒன்றுமே தெரியவில்லை. கம்பு விழும், அவள் பாட்டுக்குப் போவாள். திரும்பி வந்து மறுபடி இடிப்பாள்.

கறுப்பைக் கட்டியபோது முதல் தடவை கம்பு அவள் முன்னெலும்பில் டொக்கென்று பட்டது. காதுகள் இரண்டும் பின்னுக்குப் போயின. அடுத்த தடவை அதே கம்புக்கு முழங்காலை நெஞ்சுவரை மடக்கினாள். பின்பக்கத்து ஓட்டை நான் விரலால் மட்டுமல்ல, கைமுட்டியாலும் குத்திப் பார்த்தேன். வலித்தது எனக்குத்தான்.

சேரிடம் காரணம் சொல்ல வேண்டும். இரண்டு நாள் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொன்னேன். தேயிலைத் தோட்டத்தில் சின்ன வயதில் நான் வெறுங்காலோடு கானோரத்தில், வடிகாலின் விளிம்பில், ஓடுவேன், ஒருநாளும் விழுந்ததில்லை. முதன்முதலாக ரப்பர் சப்பாத்துப் போட்ட அன்றைக்குக் கானுக்குள் விழுந்தேன். விளிம்பு காலுக்குத் தெரியவில்லை.

சேர் கறுப்பைக் கையில் எடுத்தார். "முன்னால் திறந்திருப்பதும் அதுக்காகத்தான்," என்றார். "நான் சொல்லியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா நோனாவுக்கு நீ சொல்லு."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அந்த ஒன்றை என் தலையில் போட்டுவிட்டார். நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று நான் தள்ளிக்கொண்டே போனேன்.

வார் தைக்கக் கண்டிக்குப் போனேன். சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் பை, சப்பாத்து, குடை எல்லாம் தைக்கும் ஒரு முஸ்லிம் பெரியவர் இருந்தார். கறுப்பு ஓட்டைக் கையில் வாங்கி, உள்ளே கையை விட்டு, தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"இது யாருட கைக்கு மகள்? எலும்பு முறிஞ்சவங்களுக்குக் கட்டுறதா?"

"குதிரைக்குங்க. காலுக்கு."

"குதிரைக்கா!" பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். "இங்க பாருங்க, குதிரைக்கும் சப்பாத்து வந்திரிச்சு. எங்கட வீட்டுப் பொண்டாட்டி பெருநாளைக்கு ஒண்டு வாங்கித் தாங்கண்டு எவ்வளவு நாளாக் கேக்கிறா."

"சும்மா இரிங்க நானா, அவ கேட்டா நாலு காலுக்கா கேக்கப்போறா?" என்றார் பக்கத்துக் கடைக்காரர். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனால் போகவில்லை. எந்த வார் எந்தப் பக்கம் இழுபடும், நுனி பின்னுக்குப் பார்த்திருக்க வேண்டும், தையல் முடிச்சு உள்ளே வந்தால் குதிரையின் தோலை அறுக்கும், இதையெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிச்சை வெளியே எடுத்துத் தைத்து, மெழுகு தடவி, "இதை உங்கட குதிரை பிச்சா என்னையும் கட்டி ஓட்டுங்க" என்று கொடுத்தார்.

அண்ணிக்கு அந்தச் சப்பாத்து ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

"என்ன புள்ள இது? முன்னுக்கு ஓன்னு தொறந்து கெடக்கு. மழைக்கு முதுக மட்டும் மூடிக்கிட்டு நெஞ்சக் காட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி. அந்தம்மா ஆசையா வெள்ளை வெள்ளையா கொண்டாந்திருக்காங்க, அதப் போடேன்."

"இதுதான் நல்லது அண்ணி."

"ஆமா, ஒனக்கு எப்பவும் பழசுதான் நல்லது. மாப்பிள்ளை பாத்தப்பவும் புதுசு வேணாம்னுதானே சொன்ன."

அப்படித்தான் பேசுவார். ஆனால் செவலை அடிபட்டுக் கிடந்தபோது தினமும் வீங்கிய காலில் தண்ணீர் ஊற்றியதும் அண்ணிதான். தன் சோற்றுப் பொட்டலத்தில் வைத்திருக்கும் வாழைப்பழத்தைத் தோலோடு அவளுக்குக் கொடுத்துவிடுவார். அதனால் நான் கறுப்பைக் கட்டும் வேலையைப் பார்த்தேன்.

ஒக்டோபர் மழை தொடங்கியது. மேய்ச்சல் வெளி நீர்த்தேக்கத்தை நோக்கிச் சரிந்து போவதால் அங்கே புல் எப்போதும் நனைந்தே இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் செவலையின் முன்கால்கள் இரண்டிலும் புண் வந்தது. சப்பாத்துக் கட்டும் இடம் முழுவதும் மயிர் கொட்டி, தோல் சிவந்து, தொட்டால் காலை உதறினாள். பின்கால்களுக்கு நான் ஒன்றும் கட்டுவதில்லை. பின்கால்களில் ஒன்றும் இல்லை.

யார் பார்த்தாலும் ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள். நோனாவும் வந்தார்.

"பழைய ஓடு வெட்டுது. அதை எடுத்து எறி. மகள் கொண்டுவந்ததைப் போடு. அதில உள்ளுக்கு மெத்தென்று இருக்கே."

நான் செவலையின் கழுத்துக்கு அந்தப் பக்கம் நின்றேன். ஓட்டின் விளிம்பு எங்கே படுகிறது, புண் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். விளிம்பு வெட்டினால் கோடாக வெட்டும். இது கோடு அல்ல, கை அகலத்துக்குப் பரவியது. ஆனால் அதை ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. "சப்பாத்து இல்ல நோனா" என்று மட்டும் சொன்னேன்.

"அப்போ வேற என்ன?"

வேறு என்ன என்று எனக்கும் தெரியவில்லை. அதனால் வெள்ளையைக் கட்டினேன். கட்டச் சொன்னதால் கட்டினேன், ஒப்புக்கொண்டு அல்ல. கறுப்பை எறியவும் இல்லை. என் பையில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளையில் புண் இன்னும் மோசமானது. "மருந்து போட்டு, இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்" என்றார் நோனா. போட்டிக்கே விடவேண்டாம் என்று அவர் சேரிடம் சொல்வது என் காதில் விழுந்தது. போட்டி இல்லையென்றால் அடுத்தது என்ன என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை.

அடுத்த நாள் காலை தூறலில் செவலையை மெல்ல நடத்திக்கொண்டிருந்தேன். இறங்கி நடந்தபோது பார்த்தேன், வெள்ளைச் சப்பாத்தின் மேல் விளிம்பில் நுரை தள்ளியிருந்தது. குதிரை வியர்த்தால் நுரை வரும், கழுத்தில் வரும், தொடைக்கு நடுவில் வரும். முந்தின நாளும் வந்தது, வியர்வை என்று சேரும் சொன்னார், நானும் நினைத்தேன். ஆனால் இப்போது நடந்துதானே வருகிறோம்? கழுத்து காய்ந்திருக்கிறது. குந்தி உட்கார்ந்து விரலில் எடுத்து மோந்தேன்.

சேலை துவைக்கும் வாசம்.

அப்படியே லாயத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அண்ணி வாளியோடு நின்றார்.

"அண்ணி, இவ கால்ல சவுக்காரம் பூசுனீங்களா?"

"ஆமா. தெனமும் பூசுறேனே. வெளில விடுறதுக்கு முன்னுக்கு நாலு காலுக்கும் நல்லா தேச்சு விடுவேன். ஏன்?"

"எதுக்கு?"

"எதுக்கா? அந்தப் புல்லுல அட்டை எப்படிக் கெடக்கு! நாம மலைக்குப் போறப்ப பூசிக்கிட்டுப் போகல? ஒங்க அம்மா ஒனக்குப் பூசி விடல? குதிரைன்னா மட்டும் ரத்தம் இல்லையா?"

மழைக்காலத்தில் கொழுந்து பறிக்கப் போகிற எந்தப் பெண்ணும் அதைச் செய்வாள். துணி துவைக்கும் சவர்க்காரத்தைத் தண்ணீர் தொட்டுக் காலில் தேய்த்துக் காயவிட்டால் அட்டை ஏறாது. நானும் பூசியிருக்கிறேன். ஆனால் எங்கள் காலுக்கு மேல் யாரும் எதையும் இறுக்கிக் கட்டியதில்லை. செவலையின் காலில் காய்ந்த சவர்க்காரம் மயிருக்குள் ஒட்டிக் கிடந்திருக்கிறது. மேலே நான் உலர்ந்த பிரஷ் போட்டுத் தூசி தட்டிவிட்டுச் சப்பாத்தைக் கட்டியிருக்கிறேன். உள்ளே வியர்வை, வெளியே மழை. மூடிய இடத்தில் தோல் வெந்துபோயிருக்கிறது. பின்காலில் மூடவில்லை, அங்கே மழையே கழுவிவிட்டது.

விஷயம் விளங்கியதும் அண்ணி வாளியைக் கீழே வைத்தார். செவலையின் காலைப் பார்த்தார். "ஐயோ, நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அவ்வளவு சின்ன வசனம் வந்து நான் கேட்டதில்லை.

கால்களை வெறும் தண்ணீரால் கழுவினேன், நுரை நிற்கும்வரை கழுவினேன். கழுவிக்கொண்டிருக்கும்போதே நோனா வந்துவிட்டார். வழக்கம்போலக் கழுத்துக்கு அந்தப் பக்கம் போனேன்.

"சப்பாத்தில குற்றமில்ல நோனா. கால்ல சவர்க்காரம் பட்டிருக்கு. கழுவிட்டேன். ஆறிடும்."

"சவர்க்காரமா? யார் பூசினது?"

"அது வேணாம் நோனா."

"வேணாமா? என் குதிரைட காலை வேக வைச்சது யார் என்று எனக்குத் தெரிய வேணாமா?"

"வேணாம்."

அந்தச் சொல்லை அவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சேர் தொண்டையைச் செருமினார். அதற்குள் கொட்டிலின் உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"நான்தான் நோனா பூசினது! அட்டை கடிச்சா நீங்களா வந்து பிடுங்கப் போறீங்க? அவள்கிட்டக் கேக்காதீங்க, அவளுக்கு வாயே இல்ல!"

சேர் திரும்பிக்கொண்டார், முதுகு குலுங்கியது. நோனா சிரிக்கவில்லை. ஆனால் கோபிக்கவும் இல்லை. அட்டைக்கு வேறு என்ன செய்யலாம் என்று சேரைக் கேட்டார். மேய்ச்சலுக்கு மேட்டுப் பக்கத்தை அடைத்துக் கொடுப்பது என்று முடிவானது. அந்த விஷயம் அதோடு முடிந்தது.

சப்பாத்து விஷயம் முடியவில்லை. புண் ஆறி, புது மயிர் முளைத்து, நாங்கள் மறுபடி தாண்டத் தொடங்கியபோது டிசம்பர் வந்துவிட்டது. நோனாவின் மகளும் வரப்போகிறார். போட்டிக்கு முந்தின நாள் நோனா வெள்ளைச் சோடியைக் கழுவிக் காயவைத்து, தானே கொண்டுவந்து கொட்டில் கதவில் தொங்கவிட்டார்.

"நாளைக்கு இதைப் போடு. குற்றம் சப்பாத்தில இல்லை என்று நீயே சொன்னாய். இதிலயும் இல்லைதானே? அவள் எவ்வளவு ஆசையா கொண்டுவந்தாள். பார்க்கட்டும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு தாய் தன் மகளின் பரிசைக் காட்ட ஆசைப்படுகிறாள். யாருக்கும் அது புரியும். எனக்கும் புரிந்தது. ஆனால் அடுத்த நாள் அந்தக் காலில் இறங்கப்போவது நானும் செவலையும். அவளை நுவரெலியாவுக்கு அனுப்புவதா என்று தீர்மானிக்கப்போவதும் அந்தக் கால்தான்.

"கறுப்பைத்தான் போடுவேன் நோனா."

"நான் வெள்ளையைப் போடச் சொல்றேன்."

"அப்போ நான் ஏறமாட்டேன்."

குதிரையின் கழுத்துக்குப் பின்னால் நின்றுதான் சொன்னேன். செவலையின் பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் சொன்னேன். சனிக்கிழமை வரும் பிள்ளைகளில் ஒருவரையும் செவலை மேல் ஏற்ற முடியாது என்பது அவருக்கும் தெரியும். வேலை போனால் போகட்டும் என்றுதான் நின்றேன். போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அதை அப்போது யோசிக்கவில்லை, இப்போதும் யோசிக்க மாட்டேன்.

நோனா வெள்ளைச் சோடியைக் கதவிலிருந்து எடுத்தார். "காலுக்கு ஏதாவது வந்தால் நீ சொன்ன சப்பாத்தால வந்தது," என்றார்.

"சரி நோனா," என்றேன்.

அடுத்த நாள் காலை மழை விட்டிருந்தது, தரை காயவில்லை. செவலையின் காலைத் துடைத்தேன், கையால் தடவி மணல் இல்லை என்று பார்த்தேன். ஓட்டைக் கொஞ்சம் மேலே வைத்துக் கீழே இழுத்தேன், மயிர் படிய வேண்டும். வார்களை வெளிப்பக்கம் பூட்டினேன். இடையில் ஒரு விரல் நுழைந்தது. அதற்குமேல் இறுக்கக்கூடாது, அதற்குக் குறைந்தால் நழுவும்.

மைதானத்தைச் சுற்றிக் கார்கள் நின்றன. அண்ணன்கூட வந்திருந்தார், விழுந்தால் தூக்கிக்கொண்டு போக என்று. என் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பயமான நேரம். உள்ளே போய்விட்டால் பயம் இல்லை. செவலையின் இரண்டு காதுகளுக்கு நடுவில் தெரிவதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

முதல் கம்பு சரி. அடுத்ததும் சரி. மூன்றாவதில் சோம்பினாள். டொக்கென்று பட்டு, கம்பு உருண்டு விழுந்தது. எங்கோ அண்ணி "ஐயையோ" என்பது கேட்டது. பரிசு அங்கேயே போய்விட்டது. ஆனால் காதுகள் பின்னுக்குப் போனதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் ஒன்றையும் தொடவில்லை. ஒவ்வொரு கம்புக்கும் முழங்கால் மடங்கி மேலே வருவதை என் தொடைக்குக் கீழே உணர்ந்தேன்.

கடைசிக் கம்புக்கு முன்னால் தரை சேறாகிக் கிடந்தது. அவள் மிகவும் கிட்டப் போய், கிட்டத்தட்ட நின்ற இடத்திலிருந்தே எழும்பினாள். எழும்பிய அளவுக்கே இறங்கினாள். இறங்கும்போது எனக்குக் கீழே டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. இரும்பு எதிலோ இடிக்கும் சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஆகஸ்டில் கேட்டது இதைவிட மங்கலாக இருந்தது, காலில் பட்டதால்.

எல்லையைத் தாண்டியதும் குதித்திறங்கினேன். கை தட்டினார்களா என்று தெரியாது. சேற்றிலேயே முழங்கால் போட்டு இடது முன்காலைப் பிடித்தேன். கறுப்பு ஓட்டின் நடுவில், வைத்தியர் விரல் வைத்த அதே இடத்துக்கு நேராக, ஒரு விரல் நீளத்துக்குப் பள்ளமாக ஒரு கோடு. ஓடு பிளக்கவில்லை. அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே மயிர் கொஞ்சம் கலைந்திருந்தது. வேறொன்றும் இல்லை.

அண்ணி மூச்சு வாங்க ஓடி வந்தார். "கம்பத் தள்ளுனது நீயா குதிரையா?"

"குதிரைதான்."

"அப்பச் சரி. நீன்னு நெனச்சு ஒங்க அண்ணன் தலையில கை வச்சிட்டாரு."

நோனாவும் மகளும் வந்தார்கள். சேர் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்போ சொல்ல ஏலாது, விடிஞ்சுதான் தெரியும்" என்றார். நாரில் அடிபட்டால் வீக்கம் மறுநாள்தான் காட்டும். நோனா ஓட்டைக் கையில் வாங்கி, அந்தக் கோட்டில் நகத்தை வைத்து ஒரு தடவை இழுத்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். செவலை தலையைத் தொங்கப்போட்டு நின்றாள், தூக்கக் கலக்கம். குந்தி உட்கார்ந்து இடது காலைத் தடவினேன், பிறகு வலதைத் தடவினேன், மறுபடி இடதைத் தடவினேன். இரண்டும் ஒரே குளிர். இரண்டும் ஒரே பருமன். எழுந்திருக்காமல் அங்கேயே வைக்கோலில் உட்கார்ந்திருந்தேன். நோனா வந்து கதவுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"எப்படி?"

"குளிர்ந்திருக்கு நோனா."

"அப்போ இருக்கட்டும்," என்றார். செவலையைத்தான் சொன்னார்.

வெள்ளையைக் கட்டியிருந்தாலும் அந்த அடியைத் தாங்கியிருக்கும் என்று சேர் பிறகு ஒருநாள் சொன்னார். தாங்கியிருக்கலாம். கடைசிக் கம்புவரை அவள் முழங்காலைத் தூக்கியிருப்பாளா என்று நான் கேட்டேன். நான் இதைச் சோதித்துப் பார்க்கப் போவதில்லை.

போட்டிக்கு மறுநாள் மத்தியானம் நோனாவின் மகள் செவலையோடு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார். நானே வெள்ளைச் சோடியைக் கட்டிவிட்டேன். நிற்கும்போது போட்டுக்கொள்ளலாம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தப் படம் இப்போது அலுவலக அறையில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. வெள்ளைக் கால்களோடு செவலை அழகாகத்தான் இருக்கிறாள். ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதி முகம் தெரிய நிற்பது நான். புதிதாக வரும் பிள்ளைகளின் பெற்றோர் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் குதிரையை ஓட்டுவது யார் என்று என்னிடமே கேட்பார்கள். நான் கையைத் தூக்கிக் காட்டுவேன். சிலர் சிரிப்பார்கள்.

கறுப்பு ஓட்டில் இப்போது இன்னும் சில கோடுகள் விழுந்திருக்கின்றன. கால் அப்படியே இருக்கிறது. வருகிற டிசம்பரில் மூன்றடிக் கம்புக்குப் போகலாம் என்கிறார் சேர். இந்த வயதில் இதெல்லாம் என்ன என்கிறார் அண்ணன். இந்த வாரம் கண்டிக்குப் போகவேண்டும், மேல் வார் மறுபடி தையல் விட்டிருக்கிறது.